ஒரு பெயர், பல பதிவேடுகள்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜமுனாமரத்தூருக்குச் செல்லும் மலைப்பாதையில் காவலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. சாமைக்கும் தேனுக்கும் பலாவுக்கும் பேர்போன ஜவ்வாது மலையில் உள்ள இச்சிற்றூர் உலக வானியல் ஏடுகளில் இடம்பெற்றிருப்பதற்குக் காரணம், அங்குள்ள வானாய்வுக் கூடம். டாக்டர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு ஆய்வு தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் கார்ல் ஜைஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்பு 1982இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் நாள் திறக்கப்பட்டு, கூடத்தைப் போலவே அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆனால் இக்கட்டுரை தொலைநோக்கிகளைப் பற்றியது அன்று. அவற்றின் பின்னால் நின்றவர்களின் பெயர்களைப் பற்றியது.

1972 ஜூன் 7ஆம் நாள், வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு சென்றது. ஒரு மீட்டர் தொலைநோக்கி அப்போதுதான் நிறுவப்பட்டிருந்தது. காவலூரிலிருந்தும், இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் லெம்பாங்கிலிருந்தும் அந்த மறைப்பைக் கண்டார்கள். விண்மீனின் ஒளி வெடுக்கென்று அணையாமல் சற்றே தேய்ந்து அணைந்ததைக் கொண்டு, கானிமீடுக்கு வளிமண்டலம் உண்டென்று முடிவு செய்தார்கள். (1979இல் அங்கே சென்ற வாயேஜர் கலம், அவர்கள் நினைத்ததைவிட அது மிக மிக மெல்லியது என்று காட்டியது.) பல நாடுகளின் கூட்டு முயற்சியான அந்த ஆய்வுக் கட்டுரையில் இருந்த பெயர்கள் ஒன்பது.

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. அன்று கிடைத்த பதிவுகளே யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பதைக் காட்டின. அமெரிக்கர்கள் விமானத்தில் ஏற்றிய தொலைநோக்கியால் பார்த்தார்கள். காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் பார்த்தார்கள். காவலூரின் முதல் அறிவிப்பு 'நேச்சர்' இதழில் வெளியானபோது அதில் இருந்த பெயர்கள் இரண்டே: ஜே. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி.

ஒன்பது பேர், இரண்டு பேர். இவர்கள் யார், எந்த நிறுவனத்தார், இன்னும் பணியில் இருக்கிறார்களா என்பதை அறிய எவரும் ஒரு பதிவேட்டைப் புரட்டவேண்டியிருக்கவில்லை. சட்டைப்பையில் இருக்கும் சிறு குறிப்பேடு போதும்; அதுவும் வேண்டாம், நினைவே போதும்.

இனி இந்த எண்களைப் பாருங்கள். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு குழுக்கள் கூட்டாக வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. கட்டுரை மொத்தம் 33 பக்கம். அதில் அறிவியல் 9 பக்கம், மீதி 24 பக்கமும் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களுமே. 2016 பிப்ரவரியில் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததாக அறிவித்த லைகோ-விர்கோ கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் உட்பட இந்திய நிறுவனங்கள் பலவற்றைச் சேர்ந்தவர்களும் உண்டு.

ஐயாயிரம் பெயரை எவராலும் நினைவில் வைத்திருக்க இயலாது. எழுதித்தான் வைக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் எழுதி வைக்க முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது.

பட்டியல்கள் ஏன் பெருகுகின்றன?

பெருங்கூட்டாய்வு ஒன்றில் இளம் ஆய்வாளர் ஒருவர் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் முதலில் அவருடைய சொந்த நிறுவனத்தின் சம்பளப் பதிவேட்டில் ஏறுகிறது. அடுத்து, கூட்டாய்வின் உறுப்பினர் பதிவேட்டில். கணிப்பொறிகளில் நுழைய அனுமதி பெற்றவர்களின் பட்டியலில் மூன்றாவது முறையாக. கருவிக்குக் காவலிருக்கும் முறைப்பட்டியல், கடிதம் அனுப்பவேண்டியவர்களின் முகவரிப் பட்டியல், பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்களின் பட்டியல், கடைசியாகக் கட்டுரையாளர் பட்டியல். ஏழு இடங்கள்! ஏழையும் எழுதுபவர்கள் ஏழு பேர். அவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கவும் கூடும்.

மூன்று ஆண்டு கழித்து அவர் வேறு நிறுவனத்துக்குப் போகிறார். நம் பள்ளிக்கூடங்களில் இதற்கு நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பள்ளியில் பெயரை நீக்கி மாற்றுச் சான்றிதழ் தருகிறார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து அடுத்த பள்ளியில் பெயரை ஏற்றுகிறார்கள். சான்றிதழ் மாணவனின் கையோடு போவதால் இரு பதிவேடுகளும் ஒன்றையொன்று பாராமலே ஒத்துப்போகின்றன. விஞ்ஞானக் கூட்டாய்வில் அத்தகைய சான்றிதழ் கிடையாது. சம்பளப் பதிவேடு அன்றே அறிந்துவிடும். உறுப்பினர் பதிவேட்டுக்கு ஒரு மாதம் கழித்துத் தெரியவரலாம். கணிப்பொறிக்கோ எவரும் சொல்வதே இல்லை.

இது எழுத்தர்களின் தலைவலி மட்டும் அன்று. போனவருக்குக் கதவு திறந்தே இருந்தால் பாதுகாப்பு கெடுகிறது. இருப்பவருக்குக் கதவு மூடிக்கொண்டால், நள்ளிரவில் நடந்துகொண்டிருக்கும் அவருடைய கணக்கீடு நின்றுபோகிறது. கட்டுரையாளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் ஓர் இளைஞரின் பல ஆண்டு உழைப்புக்குச் சான்று இல்லாமற்போகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கையில் அந்த ஒரு வரிதான் அவருடைய சொத்து. பணமும் இதில் இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தின் பெரிய குழுக்களில் பொதுச் செலவைப் பங்கிடும்போது, ஒவ்வொரு நாட்டிலும் முனைவர் பட்டம் பெற்ற கட்டுரையாளர்கள் எத்தனை பேர் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். ஒருவர் பெயர் இரண்டு முறை ஏறினால், அவருடைய நாடு இருவருக்கான பங்கைக் கட்டவேண்டிவரும்!

தொலைபேசிப் புத்தகமும் வலையும்

இத்தொல்லை முதலில் பெரிதாக உணரப்பட்ட இடங்களுள் ஒன்று, சுவிட்சர்லாந்து-பிரான்சு எல்லையில் உள்ள செர்ன். 1989 மார்ச்சில் அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ தம் மேலதிகாரிகளுக்கு ஒரு திட்ட வரைவு எழுதினார். அவர் முன்வைத்த குறை எளியது: இங்கே வருபவர்கள் சராசரி இரண்டு ஆண்டுதான் தங்குகிறார்கள், அவர்கள் போகும்போது தகவலும் அவர்களோடு போய்விடுகிறது. அந்த வரைவிலிருந்து பிறந்ததுதான் உலகளாவிய வலை.

வலை பிறந்த புதிதில் அதற்கு ஆதரவு சேர்த்த பயன்பாடு என்ன தெரியுமா? அணுத்துகள் அல்ல, செர்ன் ஆய்வகத்தின் தொலைபேசிப் புத்தகம். ஆயிரக்கணக்கானோரின் பெயரும் அறை எண்ணும் தொலைபேசி எண்ணும் ஒரு பெரிய மையக் கணிப்பொறியில் இருந்தன. எண் ஒன்றைத் தேடுவதற்காகவே பலரும் தம் மேசையில் அந்தக் கணிப்பொறியோடு ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருந்தார்கள். அந்தத் தகவலைப் பராமரித்துவந்த பெர்ன்ட் பொல்லர்மான் 1991இல் அதை வலையோடு இணைத்தார். எந்த வகைக் கணிப்பொறியிலிருந்தும் அதைப் பார்க்க முடிந்தது. ஊழியர்கள் வலையை நாடியது தத்துவத்துக்காக அன்று, சக ஊழியரின் தொலைபேசி எண்ணுக்காகவே!

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. வலை, புத்தகத்தை நகலெடுக்கவில்லை. மூலம் இருந்த இடத்திலேயே இருந்தது, பார்க்கும் வழிதான் பலவானது. நகல் இல்லாத இடத்தில் நகல்கள் முரண்படுவதும் இல்லை. ஆயினும் இவ்வழி எப்போதும் போதாது. மூலம் இருக்கும் கணிப்பொறி பழுதானால் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். கடல் கடந்த ஆய்வகம் ஒவ்வொரு முறையும் மூலத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நகல்கள் தவிர்க்க முடியாதவை. நகல்களை எவ்வாறு ஒத்துப்போகச் செய்வது?

வதந்தியும் இறப்புச் சான்றும்

இதற்கு அழகான விடை ஒன்று அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அதன் உள்வலையில் பெயர்களையும் முகவரிகளையும் கொண்ட அடைவு ஒன்று, சில நூறு உள்ளூர் வலைகளுக்கிடையே பல நகல்களாகப் பரவியிருந்தது. ஓரிடத்தில் செய்த திருத்தம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவேண்டும். ஒவ்வொரு நகலும் இன்னொரு நகலோடு இரவு நேரத்தில் தன்னை முழுமையாக ஒப்பிட்டுக்கொள்ளும் முறை இருந்தது. ஆனால் அந்த ஒப்பீடே வலையை அடைத்துவிட்டது.

1987இல் ஆலன் டெமர்ஸும் தோழர்களும் வேறொரு வழியை விளக்கினார்கள். செய்தியை வதந்திபோலப் பரவவிடுவது! புதுத் திருத்தம் கிடைத்த கணிப்பொறி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றைத் தேர்ந்து அதனிடம் சொல்கிறது. அது மற்றொன்றிடம் சொல்கிறது. 'எனக்கு ஏற்கெனவே தெரியும்' என்று பதில் வரத் தொடங்கினால், சொல்லும் ஆர்வம் குறைந்து நிறுத்திக்கொள்கிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, அந்தக் குணத்தையே பயனுள்ளதாக்கிய முறை இது. தொற்றுநோய் பரவுவதைக் கணிக்கும் அதே கணிதம் இதற்கும் பொருந்துகிறது. ஒன்றிரண்டு நகல்களுக்குச் செய்தி எட்டாமற்போகலாம். அவற்றுக்காக எப்போதாவது ஒருமுறை நடக்கும் முழு ஒப்பீட்டையும் வைத்துக்கொண்டார்கள்.

சேர்ப்பது இவ்வாறு எளிதாயிற்று. நீக்குவதில்தான் சிக்கல். ஒரு நகலில் ஒருவர் பெயரை அடித்துவிட்டோம். மறுநாள் பக்கத்து நகலோடு ஒப்பிடும்போது, 'இங்கே இல்லாத பெயர் அங்கே இருக்கிறது, ஆகவே இது புதிய பெயர்' என்று கணிப்பொறி எண்ணிவிடும். நீக்கிய பெயர் மீண்டும் எழுந்து உட்கார்ந்துவிடும்! இல்லாமைக்கும் நீக்கப்பட்டமைக்கும் வேறுபாடு தெரியவேண்டும். ஆகவே பெயரை அழிக்காமல், 'இன்ன நாளில் நீக்கப்பட்டது' என்ற குறிப்பை அதன் இடத்தில் வைத்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரே இறப்புச் சான்று. பழைய நகல் வந்து பெயரை உயிர்ப்பிக்கப் பார்த்தால், சான்று தேதியைக் காட்டித் தடுத்துவிடும். சான்றுகளும் காலப்போக்கில் குவிந்துவிடுமே என்றால், பெரும்பாலான இடங்களில் அவற்றைச் சில காலம் கழித்து நீக்கிவிட்டு ஓரிரு இடங்களில் மட்டும் உறங்கவைத்தார்கள். நெடுநாள் மூடிக்கிடந்த கணிப்பொறி பழைய பட்டியலோடு விழித்துக்கொண்டால், உறங்கும் சான்றும் விழித்துக்கொள்ளும். பெயர்ப் பதிவேட்டை மட்டுமன்றி, பல இடங்களில் நகல் வைக்கும் எந்தத் தகவல் தொகுப்பையும் அமைப்பவர்கள் இன்றும் இக்கருத்தைக் கையாள்கிறார்கள்.

யாருக்குத் தெரியும்?

கணிப்பொறிகள் தமக்குள் ஒத்துப்போகலாம். எல்லா நகலும் ஒரே தவற்றைக் கொண்டிருந்தால் பயன் என்ன? ஒருவர் உண்மையில் போய்விட்டாரா என்பதை அறிந்தவர் யார் என்பதே அடிப்படைக் கேள்வி.

கணிப்பொறி வலைகளின் வரலாற்றில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்த கணிப்பொறிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபெய்ன்லரின் அலுவலகம் அதைத் திருத்தும், மற்றவர்கள் நகலெடுத்துக்கொள்வார்கள். வலை வளர வளர அக்கோப்பு எப்போதும் பழையதாகவே இருந்தது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறையில் ஒவ்வோர் அமைப்பும் தன் பகுதியைத் தானே எழுதிவைத்துக்கொள்ளும். மையம் 'யாரைக் கேட்கவேண்டும்' என்பதை மட்டும் சொல்லும்.

1997இல் தோன்றிய லைகோ விஞ்ஞானக் கூட்டாய்வும் மனிதர் விஷயத்தில் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கிறது. உறுப்பு நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் கூட்டாய்வோடு ஓர் உடன்படிக்கை எழுதுகிறது. அதில் தன் ஆட்கள் யார் யார், அவரவர் தம் நேரத்தில் எவ்வளவு பங்கை இப்பணிக்குத் தருகிறார் என்று குழுத்தலைவர் குறிப்பிடுகிறார். ஆளை நாள்தோறும் பார்ப்பவர் அவரே. மையத்தில் இருப்பவருக்கு அது வெறும் பெயர்.

நுழைவு அனுமதியிலும் இப்போக்கே வளர்ந்துவருகிறது. நூறு ஆய்வகங்களும் நூறு இரகசியச் சொற்களைத் தராமல், 'இவர் எங்கள் ஆள்' என்று சொந்த நிறுவனம் சொல்லும் சாட்சியத்தை மற்றவை ஏற்கின்றன. இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கான அத்தகைய கூட்டமைப்பை காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. இன்ஃபெட் என்பது அதன் பெயர். நாட்டுக் கூட்டமைப்புகளை உலக அளவில் இணைப்பது எடுகெய்ன்.

ஒத்துப்போதல் என்றால் என்ன?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். எல்லாப் பட்டியலும் எழுத்துக்கெழுத்து ஒன்றாய் இருப்பதுதான் நோக்கம் என்று தோன்றும். அப்படியன்று. ஒரே மனிதரைப் பற்றி ஒரே நாளில் இரு பட்டியல்கள் வெவ்வேறாகச் சொல்லவேண்டிய கட்டாயமும் உண்டு.

செர்ன் குழுக்களில் ஒருவர் சேர்ந்தவுடன் கட்டுரையாளர் ஆகிவிடுவதில்லை. ஏறத்தாழ ஓராண்டு பொதுப்பணி செய்து தகுதி பெறவேண்டும். அதேபோல விலகியவுடன் பெயர் போய்விடுவதும் இல்லை. அவர் அமைத்த கருவியும் எழுதிய கணக்கீடும் அடுத்த கட்டுரைகளிலும் பயன்படுகின்றன அல்லவா? ஆகவே சில காலம் பெயர் தொடர்கிறது. நுழைவுப் பட்டியலில் 'போய்விட்டார்'. கட்டுரையாளர் பட்டியலில் 'இருக்கிறார்'. இரண்டும் உண்மை. இரண்டையும் கண்மூடித்தனமாகச் சமன்செய்யும் கணிப்பொறி, கதவை மூடும்போதே அவருடைய உழைப்பையும் அழித்துவிடும்.

லைகோவின் கட்டுரைகளில் சில பெயர்களுக்கு மேல் சிறு குறி ஒன்று இருக்கும். பக்கத்தின் அடியில் பார்த்தால், அவர் மறைந்த மாதமும் ஆண்டும். இறப்புச் சான்றை மேலே உவமையாகச் சொன்னோம். இங்கே அது உவமை அன்று. பணிப் பதிவேடு அவரை நீக்கியிருக்கும், கடிதப் பட்டியல் நீக்கியிருக்கும், கட்டுரை நீக்கவில்லை. பட்டியல்களுக்கிடையே உள்ள ஒவ்வொரு வேறுபாடும் ஒருவர் அறிந்து வைத்த வேறுபாடாக இருக்கிறதா, அல்லது எவரும் கவனியாமல் நேர்ந்ததா என்பதுதான் சோதிக்கவேண்டியது. என் கருத்தில் இத்துறையின் கடினமான பகுதி இதுதான்; கணிப்பொறி நுட்பம் இதற்கு அடுத்தபடிதான்.

நம் பெயர்கள்

இனி நம்மைத் தொடும் செய்தி. ஏழு பட்டியல்களில் உள்ளவர் ஒரே ஆள்தான் என்று கணிப்பொறி எதைக்கொண்டு அறியும்? பெயரைக் கொண்டு என்றுதான் முதலில் எண்ணினார்கள். மேலைநாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் வைத்தார்கள். லைகோவின் நுழைவுப் பெயர் அவ்விரண்டையும் நடுவே ஒரு புள்ளியிட்டு எழுதுவது; விளக்கக் குறிப்புகளில் எடுத்துக்காட்டாக வரும் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்!

ஐன்ஸ்டீனுக்குச் சரி. மு. கயல்விழி என்று ஒரு மாணவி வந்தால்? அவருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. 'மு' என்பது இனிஷியல், அதாவது தந்தை பெயரின் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப்பெயரின் கட்டத்தில் ஏறுகிறது. கல்லூரிச் சான்றிதழில் 'மு' பெயருக்குப் பின்னால் போகிறது. கூட்டாய்வின் பதிவேட்டில் 'மு' முதற்பெயராகிவிடுகிறது. ஒருவர் மூவராகிவிட்டார். இன்னொரு நிறுவனத்தில் அவருடைய தந்தை பெயரையே கொண்ட வேறொருவர் இருந்தால், கணிப்பொறி இருவரையும் ஒன்றாக்கிவிடவும் கூடும்.

இது கற்பனை. உண்மையான எடுத்துக்காட்டு நம் நோபல் அறிஞர்களிடமே இருக்கிறது. சர் சி. வி. ராமனின் 'சி' என்பது அவர் தந்தை சந்திரசேகர ஐயரின் பெயர். வெங்கட்ராமன் என்ற ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து, பிற்பாதி குடும்பப்பெயர்போல உலகெங்கும் வழங்கலாயிற்று. ராமனின் அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயர், 'சி' அதே தந்தைதான். அவருடைய மகன் எஸ். சந்திரசேகர். பாட்டனாரின் பெயரைத் தாங்குவதால்தானே தமிழில் பெயரன் என்கிறோம்! பாட்டனாரிடம் முழுப்பெயராக இருந்த சொல், மகன்களிடம் ஓர் எழுத்தாகச் சுருங்கி, பெயரனிடம் மீண்டும் முழுப்பெயராயிற்று. ராமன் 1930இலும் சந்திரசேகர் 1983இலும் நோபல் பரிசு பெற்றார்கள். குடும்பப்பெயரைக் கொண்டு தேடும் கணிப்பொறி, இவர்கள் சித்தப்பாவும் மகனுமென்று ஒருநாளும் கண்டுபிடிக்காது. சந்திரசேகரின் நினைவாக 1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, பெயரை இன்னும் சுருக்கிச் 'சந்திரா' என்று வைத்தார்கள்.

சீனர்களின் தொல்லை வேறு வகை. சீன எழுத்தில் வேறுவேறான பெயர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்றாகிவிடுகின்றன. வெய் வாங் என்ற பெயரில் எத்தனையோ இயற்பியலறிஞர்கள். அமெரிக்க இயற்பியல் கழகம் 2007இல் தன் இதழ்களில் சீன, ஜப்பானிய, கொரியக் கட்டுரையாளர்கள் தம் பெயரைத் தம் எழுத்திலும் அச்சிட்டுக்கொள்ள அனுமதித்தது.

பெயர்தான் இப்படி, முகவரியையாவது நம்பலாமா? காவலூரையே எடுத்துக்கொள்வோம். கூடம் தொடங்கியபோது அது வடஆர்க்காடு மாவட்டம். 1989இல் அம்மாவட்டம் பிரிந்தது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைப் பக்கம் போயிற்று. காவலூர் இருந்த பகுதி பின்னர் வேலூர் மாவட்டம் என்று பெயர்பெற்றது. 2019 முதல் அது திருப்பத்தூர் மாவட்டம். கூடத்தின் பெயரும் 1986இல் மாறியது. ஓர் அங்குலமும் நகராத ஒரு நிறுவனம் பதிவேடுகளில் நாலைந்து நிறுவனமாகத் தோன்ற இது போதும்.

எண்ணே துணை

வானியலாளர்கள் தங்கள் ஆய்வுப் பொருள்களுக்கு இத்தொல்லையை முன்பே தீர்த்திருந்தார்கள். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். சிறுகோள் ஒன்றைக் கண்டவுடன் அதற்கு ஒரு தற்காலிகக் குறியீடு கொடுப்பார்கள். வேறு ஆண்டில் வேறு நாட்டார் கண்டு வேறு குறியீடு கொடுத்திருக்கவும் கூடும். சுற்றுப்பாதையைக் கணித்து, இரண்டும் ஒன்றே என்று தெளிந்த பிறகே நிலையான எண் தருகிறார்கள். பெயர் கடைசியில். அந்தச் சிறுகோள் 4130 ஆயிற்று. பிறகு ராமானுஜன் ஆயிற்று. (கணித மேதையின் முன்பெயராக உலகம் கருதும் 'சீனிவாச' என்பதும் அவர் தந்தையின் பெயரே!)

மனிதர்களுக்கு அதே உதவியைச் செய்வது 2012 அக்டோபரில் தொடங்கிய ஆர்க்கிட் எண். ஆய்வாளர் ஒவ்வொருவரும் 16 இலக்க எண் ஒன்றைத் தாமே பெற்றுக்கொள்ளலாம். திருமணத்தால் பெயர் மாறினாலும், நாடு மாறினாலும் எண் மாறாது. கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். அதைக் கணக்கிடும் வழி எளிது. மாணவர்கள் செய்து பார்க்கலாம். விளக்கத்துக்காகவே வழங்கும் ஓர் எண் உண்டு: 0000-0002-1825-0097. உடைந்த மண்பாண்டங்களில் வல்லுநர் என்று வேடிக்கையாகப் படைக்கப்பட்ட பேராசிரியர் ஒருவருக்கு உரியது. இடமிருந்து தொடங்கி, ஓர் இலக்கத்தைக் கூட்டி இரண்டால் பெருக்குக. வந்ததோடு அடுத்த இலக்கத்தைக் கூட்டி மீண்டும் இரண்டால் பெருக்குக. முன்னுள்ள சுழிகள் ஒன்றும் செய்யாமல் போக, 2க்கு 4, பின் 1க்கு 10, 8க்கு 36, 2க்கு 76, 5க்கு 162, இரு சுழிகளுக்கு 324, 648. இறுதி 9க்கு 1,314. இதை 11ஆல் வகுத்தால் மீதி 5. 12இலிருந்து 5 போக 7. அதுவே கடைசி இலக்கம். அவசரத்தில் 1825 என்பதை 8125 என்று மாற்றி எழுதினால் மீதி 2 வரும். கடைசி இலக்கம் 10 ஆகவேண்டும், அதை எக்ஸ் என்ற எழுத்தால் குறிப்பார்கள். ஏட்டில் இருப்பதோ 7. பிழை அங்கேயே அகப்பட்டுவிடும்.

எண் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. இவர் இன்னார் என்று சொல்லுமே தவிர, இவர் இன்று உறுப்பினரா என்று சொல்லாது. அது குழுத்தலைவர் சொல்லவேண்டியது. ஒருவரே மறந்துபோய் இரண்டாவது எண் வாங்குவதும் உண்டு.

2017 ஆகஸ்ட் 17 அன்று இம்முறைகள் யாவும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாயின. இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலையை லைகோவும் விர்கோவும் பதிவுசெய்தன. சில நொடிகளில் காமாக் கதிர் வந்தது. உலகெங்கும் ஏறத்தாழ எழுபது வானாய்வுக் கூடங்கள் அத்திசையில் திரும்பின. இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் குழுவும் அதில் பங்கு கொண்டது. அக்டோபர் 16 அன்று கூட்டறிக்கை வெளியாகவேண்டும். இரண்டே மாதம். பல்வேறு குழுக்கள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வடிவில் எழுதிய பட்டியல், ஒரே ஆள் இரு குழுவில் இருக்கும் நிலை. அவற்றைச் சேர்த்து வந்த கட்டுரையில் பெயர்கள் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல்; நிறுவனங்கள் தொள்ளாயிரத்துக்கு மேல். ஜவ்வாது மலையிலிருந்து இரண்டு பெயரோடு யுரேனஸ் கட்டுரை போய்ச் சரியாக நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

லைகோ, விர்கோ ஆகிய இரு பதிவேடுகளோடு 2019இல் ஜப்பானின் காக்ரா சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ-இந்தியாவுக்கு மத்திய அரசு 2023 ஏப்ரலில் ரூ. 2,600 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்தது. அதன் கருவிகள் இயங்கும்போது இரவுக் காவலுக்கும் கணக்கீட்டுக்கும் வரும் இளைஞர்களில் தமிழ்நாட்டவரும் இருப்பார்கள். இனிஷியலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற கேள்வி அவர்கள் நிரப்பும் முதல் விண்ணப்பத்திலேயே வந்துவிடும். பெயரை ஒரே கட்டத்தில், அவர் எழுதுகிறபடியே வாங்கிக்கொண்டு, எண்ணை வேறு கட்டத்தில் வாங்கும் படிவங்களும் இப்போது வரத்தொடங்கியிருக்கின்றன.